இதய நோயின் சுமை எப்படி அளக்கப்படுகிறது, அந்நோய் எதனால் வருகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோய்ச்சுமை என்று எதைக் குறிப்பிடுகிறார்கள்? இறந்தவர்களை எண்ணினால் போதாதா?

ஒரு நோயினால் ஒரு மக்கள்தொகைக்கு நேரும் மொத்த இழப்பே நோய்ச்சுமை. இறப்பு அந்த இழப்பில் ஒரு பகுதிதான். 40 வயதில் மாரடைப்பால் இறப்பவரும் 90 வயதில் மாரடைப்பால் இறப்பவரும் இறப்புக் கணக்கில் ஆளுக்கு ஒன்றாகவே பதிவாகிறார்கள். முதலாமவரின் குடும்பம் இழந்த பல பத்தாண்டுகள் அந்தக் கணக்கில் எங்கும் தெரிவதில்லை. மாரடைப்பிலிருந்து பிழைத்து, பலவீனமான இதயத்தோடு மாடிப்படி ஏற முடியாமல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்பவரோ அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. இவ்விரு குறைகளையும் நீக்குவதற்காகவே இறப்பு எண்ணிக்கையோடு வேறு அளவுகளும் உருவாக்கப்பட்டன.

இறப்பு எண்ணிக்கை பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022-ஆம் ஆண்டில் இதய, இரத்தநாள நோய்களால் சுமார் 1.98 கோடிப் பேர் இறந்தனர். அது உலகின் மொத்த இறப்புகளில் ஏறத்தாழ 32 சதவீதம். அவற்றில் 85 சதவீதம் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் நேர்ந்தவை. பிரச்சினை எவ்வளவு பெரியது என்பதைக் காட்ட இந்த எண்கள் போதும். எந்த வயதினர் எதை இழந்தனர், எதைச் செய்திருந்தால் எவ்வளவு தவிர்த்திருக்கலாம் என்று கேட்கும்போதுதான் வேறு அளவுகள் தேவைப்படுகின்றன.

டாலி என்ற அளவு எப்படிக் கணக்கிடப்படுகிறது?

இயலாமையையும் சேர்த்துக் கணக்கிடும் வாழ்நாள் இழப்பை ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கொண்டு டாலி என்று சுருக்கமாக வழங்குகிறார்கள். ஒரு டாலி என்றால் முழு நலத்தோடு வாழ்ந்திருக்க வேண்டிய ஓராண்டு இழக்கப்பட்டது என்று பொருள். இது இரண்டு பகுதிகளின் கூட்டல். முதல் பகுதி, உரிய காலத்துக்கு முன்னரே இறந்ததால் இழந்த ஆண்டுகள். இரண்டாவது பகுதி, நோயோடும் இயலாமையோடும் வாழ்ந்த ஆண்டுகள். அந்த ஆண்டுகளை அப்படியே கூட்டாமல், நோயின் கடுமையைக் குறிக்கும் ஓர் எடையால் பெருக்கிக் கூட்டுகிறார்கள். முழு நலத்துக்கு எடை 0. இறப்புக்கு நிகரான நிலைக்கு 1.

ஓர் எடுத்துக்காட்டால் இது தெளிவாகும். 52 வயதில் ஒருவர் திடீர் மாரடைப்பால் இறக்கிறார் என்றும், ஒப்பீட்டு வாழ்நாள் அட்டவணைப்படி அவருக்கு இன்னும் 36 ஆண்டுகள் மீதமிருந்தன என்றும் வைத்துக்கொள்வோம். அவரால் சேரும் சுமை 36 டாலி. இன்னொருவருக்கு 60 வயதில் கடுமையான இதயச் செயலிழப்பு ஏற்பட்டு, பத்தாண்டுகள் அதே நிலையில் வாழ்ந்து 70 வயதில் இறக்கிறார். உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு கடுமையான இதயச் செயலிழப்புக்கு 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில் வழங்கிய எடை 0.179. ஆகவே நோயோடு வாழ்ந்த பத்தாண்டுகளுக்கு 1.79. 70 வயதில் மீதமிருந்தது 19 ஆண்டுகள் என்று கொண்டால் மொத்தம் 20.79 டாலி.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை புலப்படுகிறது. இதயத் தமனி நோயின் சுமையில் மிகப் பெரும்பகுதி முன்கூட்டிய இறப்பிலிருந்தே வருகிறது. இயலாமையின் பங்கு சிறியது. முதுகுவலி இதற்கு நேர்மாறானது: அதனால் யாரும் இறப்பதில்லை என்றாலும், கோடிக்கணக்கானோரை ஆண்டுக்கணக்கில் வாட்டுவதால் அதன் சுமை முழுவதும் இயலாமையின் பக்கமே நிற்கிறது. இறப்பு எண்ணிக்கை ஒன்றையே வைத்திருந்தால் இவ்விரண்டையும் ஒப்பிட வழியே இருந்திருக்காது.

இந்த அளவை யார் உருவாக்கினார்கள்?

உலக வங்கி வெளியிட்ட 1993-ஆம் ஆண்டின் உலக வளர்ச்சி அறிக்கை வழியாகவே டாலி பரவலாக அறியப்பட்டது. கிறிஸ்டோபர் மர்ரி, ஆலன் லோபஸ் ஆகியோர் 1990-ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு மேற்கொண்ட முதல் உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வே அதற்கு அடித்தளம். இன்று அந்த ஆய்வை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2007-இல் தொடங்கப்பட்ட சுகாதார அளவீட்டு நிறுவனம் ஒருங்கிணைக்கிறது.

இயலாமைக்கு எடை போடுவது, நோயுற்றோரின் வாழ்வை மதிப்புக் குறைந்ததாகக் கருதுவது ஆகாதா?

இந்த எதிர்ப்பு டாலி தோன்றிய காலத்திலிருந்தே எழுப்பப்பட்டு வருகிறது. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தொடக்கத்தில் எடைகளை மருத்துவ வல்லுநர் குழுக்களே தீர்மானித்தன. அதோடு, இளமையிலும் முதுமையிலும் வாழும் ஓராண்டைவிட நடுவயதில் வாழும் ஓராண்டுக்குக் கூடுதல் மதிப்பும், எதிர்கால ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 3 சதவீதம் தள்ளுபடியும் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தன. கடும் விமர்சனங்களுக்குப் பின் 2010-ஆம் ஆண்டுக்கான ஆய்வில் வயதுவாரி மதிப்பும் தள்ளுபடியும் கைவிடப்பட்டன. எடைகளைப் பல நாடுகளின் பொதுமக்களிடம் கணக்கெடுத்து நிர்ணயித்தனர்.

எடை அளப்பது உடல்நல இழப்பையே தவிர மனிதரின் மதிப்பை அன்று என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அந்த விளக்கம் சரியானது என்றே கருதுகிறேன். ஆனால் அது முழுமையானதன்று. ஒரே அளவு இயலாமை, சாய்தளமும் மின்தூக்கியும் உள்ள இடத்தில் ஒருவிதமாகவும் அவை இல்லாத இடத்தில் வேறுவிதமாகவும் வாழ்வைப் பாதிக்கிறது. எடையோ எல்லா இடத்துக்கும் ஒன்றுதான். ஆகவே எந்த நோயாளிக்கு முதலில் சிகிச்சை தருவது என்று முடிவு செய்ய டாலியைப் பயன்படுத்துவது தவறு. ஒரு மக்கள்தொகையின் இழப்பு எங்கே குவிந்திருக்கிறது என்று அறிய அது நல்ல கருவி.

நிகழ்வு வீதம், பரவல், இறப்பு வீதம் ஆகியவை எவ்வாறு வேறுபடுகின்றன?

குறிப்பிட்ட காலத்தில் புதிதாக நோய்வாய்ப்படுவோரின் வீதம் நிகழ்வு வீதம். குறிப்பிட்ட நேரத்தில் நோயோடு வாழ்வோரின் பங்கு பரவல். மக்கள்தொகையில் அந்நோயால் இறப்போரின் வீதம் இறப்பு வீதம். நோயுற்றவர்களில் எத்தனை பேர் அதனால் இறக்கிறார்கள் என்பது நோயாளர் இறப்பு விகிதம்.

இவற்றைக் குழப்பிக்கொண்டால் நல்ல செய்தி கெட்ட செய்தியாகத் தோன்றும். சிகிச்சை மேம்பட்டு, முன்பு இறந்திருக்கக்கூடியவர்கள் பிழைத்து வாழும்போது இறப்பு வீதம் குறையும். இதய நோயோடு வாழ்வோரின் எண்ணிக்கையோ கூடும். பரவல் உயர்ந்ததை மட்டும் காட்டி நோய் கட்டுமீறிவிட்டது என்று எழுதினால், பிழைத்தவர்களையே பிரச்சினையாகக் காட்டிவிடுகிறோம்.

இதய நோய் இறப்புகள் கூடுகின்றன என்று ஒரு செய்தியும், குறைகின்றன என்று இன்னொரு செய்தியும் வருகின்றன. எது உண்மை?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். அவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வின்படி 1990-இல் 1.21 கோடியாக இருந்த இதய, இரத்தநாள நோய் இறப்புகள் 2019-இல் 1.86 கோடியாயின. அந்நோய்களோடு வாழ்வோர் 27.1 கோடியிலிருந்து 52.3 கோடியாக, ஏறத்தாழ இருமடங்காகப் பெருகினர். எனினும் அதே காலத்தில் வயது சீராக்கப்பட்ட இறப்பு வீதம் குறைந்திருக்கிறது. மக்கள்தொகை பெருகியதும், முதியோரின் பங்கு கூடியதும் எண்ணிக்கையை உயர்த்தின. ஒரே வயதுடைய ஒருவருக்கு உள்ள ஆபத்தோ முன்பைவிடத் தாழ்ந்தது.

வயது சீராக்கம் எப்படிச் செய்யப்படுகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். முதல் பகுதியில் 60 வயதுக்குக் குறைந்தோரில் இலட்சத்துக்கு 50 பேரும், மூத்தோரில் இலட்சத்துக்கு 1,000 பேரும் ஆண்டுதோறும் இதய நோயால் இறக்கிறார்கள். இரண்டாவது பகுதியில் இதே வீதங்கள் 80, 1,400. அதாவது எந்த வயதினரை எடுத்தாலும் இரண்டாவது பகுதியே மோசம். ஆனால் முதல் பகுதியில் மூத்தோர் 30 சதவீதம். இரண்டாவதில் 8 சதவீதம் மட்டுமே. சீராக்காமல் பார்த்தால் மொத்த இறப்பு வீதம் முதல் பகுதியில் இலட்சத்துக்கு 335, இரண்டாவதில் சுமார் 186. இந்த எண்களை மட்டும் பார்ப்பவர் இரண்டாவது பகுதி பாதுகாப்பானது என்று நேர்மாறான முடிவுக்கு வருவார். இரு பகுதிகளிலும் மூத்தோர் 15 சதவீதம் என்று பொதுவான ஒரு மக்கள்தொகையைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டால், முதல் பகுதிக்கு 192.5, இரண்டாவதற்கு 278 என்று உண்மை நிலை வெளிப்படுகிறது.

எனினும் சீராக்கப்பட்ட வீதம் எல்லாத் தேவைக்கும் உரியதன்று. எத்தனை படுக்கைகள், எத்தனை செவிலியர்கள் வேண்டும் என்று திட்டமிடுபவருக்குச் சீராக்காத எண்ணிக்கையே வேண்டும்; ஏனெனில் மருத்துவமனைக்கு வருவோர் உண்மையான மனிதர்கள், சீராக்கப்பட்டவர்கள் அல்லர்.

இறப்புக் காரணங்களின் பதிவுகளை எவ்வளவு நம்பலாம்?

இடத்துக்கு இடம் இது பெரிதும் மாறுபடுகிறது. உலகின் பல பகுதிகளில் இறப்புகள் மருத்துவர் சான்றளிக்காமலேயே நிகழ்கின்றன. சான்றிதழ் உள்ள இடங்களிலும் ‘இதயம் நின்றது’ என்றோ ‘இதயச் செயலிழப்பு’ என்றோ எழுதி முடித்துவிடும் வழக்கம் உண்டு. எந்த மரணத்திலும் இறுதியில் இதயம் நிற்கத்தான் செய்யும், அது காரணமாகாது. இதயச் செயலிழப்பும் வேறொரு நோயின் விளைவே. மாரடைப்பு, நெடுநாள் உயர் இரத்த அழுத்தம், வால்வுக் கோளாறு, இதயத்தசை நோய் ஆகியவற்றில் எது அதை உண்டாக்கியது என்று தெரிந்தால்தான் தடுப்புக்கு வழி கிடைக்கும். இத்தகைய பயனற்ற குறியீடுகளை ஆய்வாளர்கள் புள்ளியியல் முறைகளால் உண்மையான காரணங்களுக்குப் பகிர்ந்தளிக்கிறார்கள். ஆகவே சுமை மதிப்பீடுகளில் ஒரே எண்ணுக்குப் பதிலாக மேல், கீழ் வரம்புகள் தரப்பட்டிருந்தால், அந்த வரம்புகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். இரு நாடுகளின் வரம்புகள் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது எது முதலிடம், எது இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்துவதில் பொருளில்லை.

இதய நோய் என்பது ஒரே நோயா?

இல்லை. காரணங்களைப் பற்றிய குழப்பங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. இதயத்துக்கு இரத்தம் தரும் தமனிகளில் அடைப்பு உண்டாகும் இதயத் தமனி நோய் இவற்றில் மிகப் பெரியது. 2021-இல் மட்டும் 91 இலட்சம் இறப்புகளுக்கு அது காரணம், உலகின் மொத்த இறப்புகளில் சுமார் 13 சதவீதம். அதற்கு அப்பால், குழந்தைப் பருவத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப்புண்ணுக்கு உரிய சிகிச்சை கிடைக்காததால் ஏற்படும் ருமாட்டிக் காய்ச்சலும், அதன் பின்விளைவாக வால்வுகள் சிதையும் ருமாட்டிக் இதய நோயும் உள்ளன. பென்சிலினால் தடுக்கக்கூடிய இந்த நோய் இன்றும் ஏழை மக்களிடையே இளம் உயிர்களைப் பறிப்பது பொறுத்துக்கொள்ளக்கூடியதன்று. இலத்தீன் அமெரிக்காவில் ஒருவகைப் பூச்சி பரப்பும் ஒட்டுண்ணியால் சாகாஸ் நோய் வருகிறது; தொற்றுக்குப் பல ஆண்டுகள் கழித்து அது இதயத்தசையைத் தாக்குகிறது. நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒருவர் பிறவி இதயக் குறைபாட்டோடு பிறக்கிறார். இவற்றோடு இதயத்தசை நோய்களும் இதயத்துடிப்புக் கோளாறுகளும் உண்டு. இவை ஒவ்வொன்றின் காரணமும் வேறு. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதயத் தமனி நோயைப் பற்றியவை.

மாரடைப்பு திடீரென்று வருகிறதா?

வலி திடீரென்று வருகிறது. நோய் அப்படி வருவதில்லை. இரத்தத்திலுள்ள, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் துகள்கள் தமனியின் உட்சுவருக்குள் ஊடுருவித் தங்கும்போது அது தொடங்குகிறது. உடலின் பாதுகாப்பு அணுக்கள் அவற்றை விழுங்கிக் கொழுப்பேறிப் பருக்கின்றன. அங்கே நீடித்த அழற்சி உண்டாகிறது. காலப்போக்கில் நார்த்திசுவும் சுண்ணாம்பும் சேர்ந்து கொழுப்புத் திட்டாகிறது. அதன் மேலுறை மெலிந்து ஒருநாள் கிழிந்தால், உடல் அதைக் காயமாகக் கருதி இரத்தத்தை உறையச் செய்கிறது. அந்தக் கட்டி தமனியை அடைத்துவிட்டால் அதற்கு அப்பாலுள்ள இதயத்தசை மடியத் தொடங்குகிறது.

கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை ஆராய்ந்து 1953-இல் வெளியிடப்பட்ட கட்டுரை மருத்துவ உலகை அதிரவைத்தது. அவர்களின் சராசரி வயது 22. ஆனால் நான்கில் மூன்று பங்கினருக்கும் மேலானோரின் தமனிகளில் நோயின் தடயம் கண்ணுக்குத் தெரிந்தது. ஐம்பதில் வெளிப்படும் நோய் இருபதிலேயே வேர்விட்டிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிழிந்து மாரடைப்பை உண்டாக்கும் திட்டுகளில் பல, அதற்கு முன் தமனியைப் பெரிதாக அடைத்திருப்பதில்லை. ஆகவே உடற்பயிற்சிச் சோதனையில் குறை தெரியாதவருக்குச் சில மாதங்களில் மாரடைப்பு வரும்போது, பரிசோதித்தவர் தவறிழைத்தார் என்று உடனே முடிவு செய்துவிடக் கூடாது. அச்சோதனை இரத்த ஓட்டத்தில் உள்ள தடையைத்தான் காட்டும். திட்டின் உறை எப்போது கிழியும் என்பதைக் காட்டாது.

ஆபத்துக் காரணி வேறு, காரணம் வேறு என்கிறார்களே?

நோயோடு சேர்ந்து காணப்படும் எதையும், அது நோய் வரும் வாய்ப்பை முன்கூட்டிக் காட்டுமானால், ஆபத்துக் காரணி என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 1948-இல் 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய நெடுங்கால ஆய்வின் வழியாகவே இந்தச் சொல் 1960-களில் பரவியது. உயர் இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் ஆகியவை மாரடைப்புக்கு முன்னோடிகள் என்று அந்த ஆய்வு காட்டியது. ஆனால் முன்னோடியாக வருவதெல்லாம் காரணமாகிவிடாது. அதை நீக்கினால் நோய் குறைகிறதா என்பதே உரைகல்.

எல்டிஎல் இந்தச் சோதனையில் எல்லா வழிகளிலும் தேறியது. பிறப்பிலேயே எல்டிஎல் மிகுந்திருக்கும் மரபுக்கோளாறு உள்ளவர்களுக்கு இளவயதிலேயே மாரடைப்பு வருகிறது. எல்டிஎல் அணுக்களுக்குள் எடுத்துக்கொள்ளப்படும் விதத்தைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. மறுபக்கத்தில், பிசிஎஸ்கே9 மரபணுவில் மாற்றம் இருப்பதால் வாழ்நாள் முழுவதும் எல்டிஎல் 28 சதவீதம் குறைந்திருந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவாக இருந்ததை 2006-இல் ஓர் ஆய்வு காட்டியது. 4,444 நோயாளிகளைக் கொண்டு ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்த சோதனையின் முடிவு 1994-இல் வெளியானது. எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து மொத்த இறப்பையே 30 சதவீதம் குறைத்தது. மரபணு, நெடுங்கால ஆய்வு, மருந்துச் சோதனை என்று மூன்று திசையிலிருந்தும் ஒரே விடை வரும்போது அதைக் காரணம் என்று தயங்காமல் சொல்லலாம்.

நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல்லின் கதை வேறு. அது மிகுந்தவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டது. ஆனால் அதை உயர்த்திய டார்செட்ராபிப் என்ற மருந்தின் சோதனை, மருந்து உட்கொண்டோரிடையே இறப்பு கூடியதால் 2006-இல் நிறுத்தப்பட்டது. பிறவியிலேயே எச்டிஎல் மிகுந்திருக்கும் மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கும் எதிர்பார்த்த பாதுகாப்பு இல்லை என்று பின்னர் தெரிந்தது. எச்டிஎல் ஆபத்தைக் காட்டும் அடையாளம். அதை மட்டும் உயர்த்துவது தீர்வாகவில்லை. இதுபோலவே, மாதவிடாய் நின்ற பின் தரப்படும் ஹார்மோன் மருந்து இதயத்தைக் காக்கும் என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது; 2002-இல் வெளியான பெரிய அமெரிக்கச் சோதனை அந்த நம்பிக்கையை முறியடித்தது. முன்னைய ஆய்வுகளில் அம்மருந்தை எடுத்துக்கொண்ட பெண்கள் பொதுவாகவே வசதியும் உடல்நல அக்கறையும் மிகுந்தவர்களாக இருந்தது அதற்கு ஒரு விளக்கம்.

ஒவ்வொரு காரணத்துக்கும் சொல்லப்படும் சதவீதங்களைக் கூட்டினால் நூறுக்கு மேல் போகிறதே?

அந்தச் சதவீதம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் வியப்பு நீங்கும். ஆயிரம் பேரில் 300 பேர் புகைப்பவர்கள் என்று கொள்வோம். புகைக்காதவர்களில் குறிப்பிட்ட காலத்தில் நூற்றுக்கு ஒருவருக்கும், புகைப்பவர்களில் நூற்றுக்கு இருவருக்கும் மாரடைப்பு வருகிறது. மொத்தம் 7-உம் 6-உம் சேர்ந்து 13 மாரடைப்புகள். யாருமே புகைக்காமல் இருந்திருந்தால் 10 மட்டுமே நிகழ்ந்திருக்கும். தவிர்க்கக்கூடிய 3-ஐ 13-ஆல் வகுத்தால் 23 சதவீதம். இதுவே மக்கள்தொகையில் புகைக்கு உரிய பங்கு.

ஒருவர் புகைத்தார், அவருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருந்தது, இரண்டும் சேர்ந்ததால் மாரடைப்பு வந்தது. புகையை நிறுத்தியிருந்தால் அது வந்திருக்காது. இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தியிருந்தாலும் வந்திருக்காது. அந்த ஒரே மாரடைப்பு இரண்டு காரணங்களின் கணக்கிலும் ஏறுகிறது. இதில் பிழை ஏதுமில்லை. மாறாக, ஒரே நோயைத் தடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் திறந்திருக்கின்றன என்று இந்தக் கணக்கு சொல்கிறது. எல்லாக் காரணங்களையும் ஒருங்கே நீக்கினால் எவ்வளவு குறையும் என்ற தனிக் கணக்கு ஒருபோதும் நூறைத் தாண்டாது.

எந்தக் காரணங்கள் மிகப் பெரியவை?

சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்பு கண்ட சுமார் 15,000 பேரை ஏறக்குறைய அதே எண்ணிக்கையிலான பிறரோடு ஒப்பிட்டது. இரத்தக் கொழுப்புகளின் கோளாறு, புகை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மனநிலையும் சமூகச் சூழலும் சார்ந்த நெருக்கடி, அன்றாடம் காய்கனி உண்ணாமை, உடலுழைப்பின்மை, மதுப்பழக்கம் தொடர்பான வேறுபாடு ஆகிய ஒன்பதும் சேர்ந்து ஆண்களிடம் 90 சதவீத ஆபத்தையும் பெண்களிடம் 94 சதவீத ஆபத்தையும் விளக்கின. நாடும் இனமும் மாறியபோதும் பட்டியல் பெரிதாக மாறவில்லை.

உலகளாவிய சுமைக் கணக்கில் உயர் இரத்த அழுத்தமே முன்னணியில் நிற்கிறது. சுமார் பத்து இலட்சம் பேரை உள்ளடக்கிய 61 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளியான ஆய்வு, 40 முதல் 69 வயது வரை மேல் அழுத்தம் (இரத்த அழுத்தத்தைக் குறிக்கும் இரண்டு எண்களில் பெரியது) ஒவ்வொரு 20 அலகு உயரும்போதும் இதயத் தமனி நோய் இறப்பு இருமடங்காவதைக் காட்டியது. 115 அளவு வரை இறங்கியும் இந்தத் தொடர்பு மறையவில்லை. 140 என்பது சிகிச்சைக்காக வகுத்துக்கொண்ட கோடு; அதற்குக் கீழே ஆபத்து இல்லை என்று அதற்குப் பொருளில்லை. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் தமக்கு அது இருப்பதையே அறியாமல் இருக்கிறார்கள். ஒரு கருவியும் இரண்டு நிமிடமும் போதும் என்ற நிலையில் இந்த அறியாமை நீடிப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

காற்று மாசு இன்டர்ஹார்ட் பட்டியலில் இடம்பெறவில்லை. ஆனால் நுண்துகள்கள் நுரையீரல் வழியாக அழற்சியையும் இரத்த உறைவையும் தூண்டுகின்றன என்பதும், வெளிக்காற்று, சமையல் புகை இரண்டும் இதய இறப்புகளை உயர்த்துகின்றன என்பதும் இன்று தெளிவாகியுள்ளன. தனிமனிதர் தம் முயற்சியால் மட்டும் தப்பிக்க முடியாத காரணம் இது.

எங்கள் தாத்தா வாழ்நாள் முழுதும் புகைத்தும் தொண்ணூறு வயது வரை வாழ்ந்தாரே?

வாழ்ந்திருப்பார். ஆபத்து என்பது கூட்டத்தைப் பற்றிய சொல். நூறு பேரில் எத்தனை பேருக்கு நோய் வரும் என்று அது கூறுகிறதே தவிர, யாருக்கு வரும் என்று கூறுவதில்லை. புகைத்து ஐம்பதில் மறைந்தவர்கள் தம் கதையைச் சொல்ல நம்மிடையே இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பரம்பரையாக வருகிறது என்றால் நம் கையில் ஒன்றுமில்லையா?

பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் ஆபத்து கூடுகிறது. அதை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். குறிப்பாக, ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இருக்கும் பரம்பரைக் கொலஸ்ட்ரால் மிகைப்பை இளமையிலேயே கண்டறிந்து சிகிச்சை தொடங்கினால் ஆபத்தைப் பெருமளவு குறைக்கலாம். எல்டிஎல்லைப் போலக் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் லிப்போபுரதம்-ஏ என்ற துகளின் அளவும் பெரும்பாலும் மரபால் அமைகிறது. அதை வாழ்நாளில் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. மரபு ஆபத்தின் தொடக்கப் புள்ளியை உயர்த்துகிறது. அவ்வாறு உயர்ந்தவர்களுக்கு மற்றக் காரணிகளைக் குறைப்பதால் கிடைக்கும் பயன் அதிகமே தவிரக் குறைவன்று.

மன அழுத்தம் உண்மையிலேயே காரணமா?

தொடர்பு உண்டு. ஆனால் கொலஸ்ட்ராலுக்கு உள்ளதுபோன்ற வலுவான சான்று இதற்கு இன்னும் இல்லை. மாரடைப்பு வந்தபின் ஒருவரிடம் முந்தைய ஆண்டின் மன நிலையைக் கேட்டால், நேர்ந்ததற்கு விளக்கம் தேடும் மனம் நெருக்கடிகளைக் கூடுதலாக நினைவுகூரும். அதோடு, நெருக்கடியில் இருப்பவர் அதிகம் புகைக்கிறார், குறைவாக உறங்குகிறார், மருந்தைத் தவறவிடுகிறார். எது எதனால் என்று பிரிப்பது கடினம். மன அழுத்தத்தைத் தணிப்பது தன்னளவிலேயே நன்மை. அதையே முழுக் காரணமாக்கி இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

பெண்களுக்கு இதய நோய் குறைவுதானே?

தாமதமாக வருகிறது, குறைவு என்று சொல்லிவிட முடியாது. இன்டர்ஹார்ட் ஆய்வில் பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிடச் சராசரியாக 9 ஆண்டுகள் பிந்தி வந்தது. நீரிழிவு பெண்களின் ஆபத்தை ஆண்களைவிட அதிகமான விகிதத்தில் உயர்த்துகிறது. கருவுற்ற காலத்தில் உயர் இரத்த அழுத்தத்தோடு சிறுநீரில் புரதம் வெளியேறிய பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் ஆபத்து ஏறத்தாழ இருமடங்கு; பேறுகாலம் முடிந்ததும் அந்தக் குறிப்பு மறக்கப்பட்டுவிடுகிறது. மாரடைப்பில் நெஞ்சுவலியே இருபாலருக்கும் முதன்மையான அறிகுறி என்றாலும், பெண்களுக்கு மூச்சுத்திணறல், குமட்டல், தாடையிலோ முதுகிலோ வலி, காரணமற்ற சோர்வு ஆகியவை சேர்ந்தே வருவது அதிகம். அதனால் நோய் அடையாளம் காணப்படத் தாமதமாகிறது. இந்த அறிகுறிகள் எவருக்கு வந்தாலும் காத்திருக்காமல் உடனே அவசர உதவியை நாட வேண்டும்.

ஆபத்து மிகுந்தவர்களுக்கு மட்டும் சிகிச்சை அளித்தால் போதாதா?

போதாது என்பதற்கு ஆங்கிலேய மருத்துவ அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1985-இல் தந்த விளக்கம் இன்றும் அசைக்க முடியாதது. மிக அதிக ஆபத்து உள்ளவர்கள் சிலரே; நடுத்தர ஆபத்து உள்ளவர்களோ ஏராளம். ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு குறைவு என்றாலும் அவர்கள் பலராக இருப்பதால் மொத்த மாரடைப்புகளில் பெரும்பங்கு அவர்களிடமிருந்தே வருகிறது. எனவே எல்லோருடைய இரத்த அழுத்தமும் சிறிதளவு குறைந்தால் கிடைக்கும் பயன், சிலருக்கு மட்டும் பெரிதாகக் குறைப்பதைவிட மிகுதியாக இருக்கக்கூடும். உப்பை நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும், தொழிற்சாலைகளில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பை உணவிலிருந்து அகற்ற அந்நிறுவனம் 2018-இல் தொடங்கிய முயற்சியும், புகையிலை வரியும் இந்தச் சிந்தனையில் எழுந்தவை. இதில் ஒரு சிக்கலையும் ரோஸ் சுட்டினார்: சமூகத்துக்குப் பெரும்பயன் தரும் மாற்றம் தனிமனிதருக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவு பயனையே தரும். அதனால்தான் மக்களைத் தனித்தனியே அறிவுறுத்துவது மட்டும் போதாமல் சட்டமும் விலையும் உணவுத் தயாரிப்பும் மாற வேண்டியிருக்கிறது.

சிகிச்சையா, தடுப்பா, எது சுமையைக் கூடுதலாகக் குறைத்தது?

அமெரிக்காவில் 1980 முதல் 2000 வரை இதயத் தமனி நோயின் வயது சீராக்கப்பட்ட இறப்பு வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அந்தக் குறைவைப் பகுத்தாய்ந்து 2007-இல் வெளியான கட்டுரை, சுமார் 47 சதவீதத்தை மருத்துவச் சிகிச்சைகளுக்கும், சுமார் 44 சதவீதத்தைக் கொலஸ்ட்ரால், இரத்த அழுத்தம், புகை, உடலுழைப்பின்மை ஆகியவற்றில் மக்கள்தொகை முழுவதும் ஏற்பட்ட மாற்றங்களுக்கும் உரியதாக்கியது. இரண்டும் ஏறக்குறையச் சமம். ஆனால் அதே கணக்கில், அக்காலத்தில் கூடிய உடற்பருமனும் நீரிழிவும் கிடைத்த பயனில் ஒரு பகுதியை அரித்துவிட்டன என்பதும் பதிவாகியுள்ளது: பருமன் 8 சதவீதம், நீரிழிவு 10 சதவீதம். இந்த இரண்டும் அன்றிலிருந்து உலகின் பெரும்பாலான பகுதிகளில் மேலும் உயர்ந்தே வந்திருக்கின்றன.